ஒரு தட்டு குறைகிறது

ஏம்மா, உன் ஃபோனை ஒரு நிமிஷம் தருவாயா? ஒரே ஒரு கால். ஒரு நிமிஷம்கூட வேண்டாம், நாற்பது வினாடி போதும். அப்படிப் பார்க்காதே, நான் திருடி இல்லை. ஓடுகிற பஸ்ஸில் ஜன்னல் சீட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு எங்கே தூக்கிக்கொண்டு ஓடுவேன்? என்னிடமும் ஃபோன் இருக்கிறது, இதோ பார், சார்ஜும் இருக்கிறது. ஆனால் என் நம்பரைப் பார்த்தால் அவள் எடுக்கமாட்டாள். காலையிலிருந்து பதினொரு தடவை அடித்துவிட்டேன். புது நம்பர் என்றால் எடுப்பாள். அவள் வேலை பார்க்கிற இடத்துக்குக் காய்கறிக்காரர்கள் தினம் ஒரு நம்பரிலிருந்து கூப்பிடுவார்கள்.

அவள் என்றால் தவமணி. என் நாத்தனார். என் வீட்டுக்காரருக்கு ஒரே தங்கை. முசிறியில் இருக்கிறாள். பத்து மணிக்கு அவளுக்குக் கணக்குப் பரீட்சை. ஒன்பதே முக்காலுக்கு ஃபோனை வாங்கி வைத்துவிடுவார்களாம். நேரில் போய்ச் சொல்லிவிடலாம் என்றுதான் பஸ் ஏறினேன். கண்டக்டரைக் கேட்டால், முசிறி போய்ச் சேரப் பத்து தாண்டிவிடும் என்கிறார். இப்போது மணி என்ன? ஒன்பது ஐந்தா? நேரம் இருக்கிறது. அந்த இயர்போனை மட்டும் எடுத்துவிடு. முன்பின் தெரியாதவளிடம் ஃபோனை வாங்கினால் காரணம் சொல்ல வேண்டாமா? எனக்கு முறை தெரியும். நான் கான்வென்ட்டில் படித்தவள்.

இந்த வாக்கியத்தை நான் ஒரு நாளைக்கு நாலு தடவையாவது சொல்வேன் என்று என் வீட்டுக்காரர் சந்தானம் சொல்வார். அவர் எண்ணுகிறார் பார்.

தவமணிக்கு நாற்பத்திரண்டு வயது. ஏழாவதோடு நிறுத்திவிட்டார்கள். அண்ணன் மட்டும் காலேஜ் வரை படித்தார், அது வேறு கதை. அவள் புருஷன் தவறி ஆறு வருஷம் ஆகிறது. அங்கே ஒரு பெண்கள் விடுதியில் சமையல். காலையில் நாலரைக்கு அடுப்பு முன்னால் நின்றால் மதியம் இரண்டு வரை நிற்க வேண்டும். இரண்டு முட்டியும் போய்விட்டது. இனிமேல் நின்றால் நடக்கவே முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதே விடுதியில் உதவி வார்டன் வேலை ஒன்று காலியானது. நாற்காலி போட்டு உட்கார்கிற வேலை. பிள்ளைகள் வருவதையும் போவதையும் எழுதி வைத்தால் போதும். ஆனால் எட்டாவதாவது பாஸ் செய்திருக்க வேண்டும் என்றார்கள். அந்த எட்டாவதை இவள் பள்ளிக்கூடம் போகாமல் தனித்தேர்வராகப் பணம் கட்டி எழுதக் கிளம்பினாள்.

மற்றப் பாடத்தையெல்லாம் அவளே படித்துக்கொண்டாள். கணக்குக்கு மட்டும் ஆள் வேண்டும் என்றாள். நான்தான் முன்வந்தேன். யாரும் என்னைக் கேட்கவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். "எதுக்கு வெளியில டியூஷன்? நான் எட்டாவதுல கணக்குக்கு மெடல் வாங்கினவ" என்றேன். மெடல் எங்கள் வீட்டு ஷோகேஸில் இருக்கிறது. பித்தளை. மாதம் ஒரு தடவை புளி போட்டுத் துலக்குவேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் முசிறியிலிருந்து இதே பஸ்ஸில் திருச்சிக்கு வருவாள். டைனிங் டேபிளில் பாடம். நான் சொல்லிக்கொண்டே இருப்பேன், அவள் கேட்டுக்கொண்டே வெங்காயம் உரிப்பாள். சும்மா உட்கார்ந்து கேட்டால் அவளுக்குக் கை என்னவோ போலிருக்குமாம். எனக்கும் ஒரு ஒத்தாசை. பாடம் முடியும்போது கணக்கும் புரிந்திருக்கும், சாம்பாரும் கொதித்திருக்கும். யாருக்கு என்ன புரிந்தது என்பது பிறகுதான் தெரிந்தது.

மைனஸ் நம்பர் எல்லாம் அவளுக்குச் சட்டென்று வந்துவிட்டது. எனக்கே ஆச்சரியம். நான் கோடு போட்டு, நடுவில் பூஜ்யம் வைத்து, வலது பக்கம் ப்ளஸ், இடது பக்கம் மைனஸ் என்று, கான்வென்ட்டில் எனக்குக் கணக்கு எடுத்த சிஸ்டர் ஃபெலிசிட்டா சொன்ன மாதிரியே சொன்னேன். அவள் கோட்டைப் பார்க்கவே இல்லை. "குறையுறதுதானே அண்ணி? மூணு தட்டு குறையுதுன்னா மைனஸ் மூணு. அவ்வளவுதானே?" என்றாள். அவ்வளவுதான் என்று விட்டிருக்கலாம். "தட்டு கிட்டுன்னு பரீட்சையில எழுதிடாதே" என்றேன்.

அப்புறம்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. பாட்மாஸ். உனக்குத் தெரியும்தானே? நீயும் படித்திருப்பாய். ஒரு கணக்கில் கூட்டல், கழித்தல், பெருக்கல் எல்லாம் கலந்து வந்தால் எதை முதலில் செய்வது என்பதற்கு ஒரு வரிசை. பிராக்கெட், ஆஃப், டிவிஷன், மல்டிப்ளிகேஷன், அடிஷன், சப்ட்ராக்ஷன். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அடிஷன் முன்னால் வருகிறது, சப்ட்ராக்ஷன் பின்னால் வருகிறது. ஆகவே கூட்டலை முதலில் முடித்துவிட்டுத்தான் கழித்தலைத் தொட வேண்டும். அப்படித்தான் சொன்னேன். கூட்டல் முதலில். நோட்டில் எழுதிக் கீழே இரண்டு கோடும் போட்டேன், ஸ்கேல் வைத்து.

ஐந்து மைனஸ் எட்டு ப்ளஸ் இரண்டு. போடு பார்க்கலாம் என்றேன்.

அவள் வெங்காயத்தை வைத்துவிட்டுக் கொஞ்சம் யோசித்தாள். "மைனஸ் ஒண்ணு" என்றாள்.

"தப்பு. எட்டும் ரெண்டும் பத்து. அஞ்சுல பத்து போனா மைனஸ் அஞ்சு. கூட்டல் முதலில்."

"இல்ல அண்ணி... எங்கிட்ட அஞ்சு தட்டு இருக்கு. எட்டு பிள்ளைங்க வந்து நிக்குதுங்க. மூணு குறையுது. நான் போய் ரெண்டு தட்டைக் கழுவி எடுத்துட்டு வரேன். இன்னும் ஒண்ணு குறையுது. அதான் மைனஸ் ஒண்ணு."

"தட்டு வேற, கணக்கு வேற."

"ரெண்டு தட்டு கொண்டு வந்தப்புறம் எப்படி அண்ணி முன்னைவிட அதிகமாக் குறையும்? மூணு குறைஞ்சது அஞ்சா ஆயிடுமா?"

நீ சிரிக்கிறாய். சிரி. அன்றைக்கு என் வீட்டுக்காரர்கூடப் பேப்பருக்குப் பின்னால் சிரித்தார். எனக்கு வந்ததே கோபம்! "அந்த மைனஸ் எட்டுக்குத்தானே அண்ணி சொந்தம், ரெண்டுக்கு ஏன் அதை மாட்டி விடுறீங்க?" என்று வேறு கேட்டாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "நீ கான்வென்ட்டில் படிச்சியா, நான் படிச்சேனா?" என்றேன். வெங்காயத் தோலைப் பார்த்துக்கொண்டு, "நீங்கதான் அண்ணி" என்றாள். அதோடு கேள்வி நின்றது. அடுத்த வாரத்திலிருந்து ஐந்து மைனஸ் எட்டு ப்ளஸ் இரண்டு, மைனஸ் ஐந்துதான். டிக் போட்டுக் கொடுத்தேன். என்ன அழகாகச் சொல்லிக் கொடுக்கிறேன் பாருங்கள் என்று அவரிடம் பெருமை வேறு.

உட்காரம்மா, எங்கே எழுந்திருக்கிறாய்? இன்னும் முடியவில்லை. ஜன்னல் பக்கம் வெயில் அடிக்கிறதா? துப்பட்டாவை இழுத்து விட்டுக்கொள். திருவாசிதான் வருகிறது. முசிறி இன்னும் தூரம்.

போன வருஷம் எழுதினாள். ரிசல்ட் வந்தது. முப்பத்து மூன்று. முப்பத்தைந்து வேண்டும். இரண்டு மார்க், இரண்டே இரண்டு! மற்றப் பாடத்திலெல்லாம் பாஸ். அந்த உதவி வார்டன் வேலைக்கு வேறு பெண்ணைப் போட்டுவிட்டார்கள். அடுத்த வாரமே எங்கள் கொழுந்தனார் பேத்திக்குக் காதுகுத்து. மொத்தச் சொந்தமும் வந்திருந்தது. யாரோ பரீட்சை என்ன ஆச்சு என்று அவளைக் கேட்டார்கள். அவள் வாயைத் திறப்பதற்கு முன்னால் நான் திறந்தேன். "முப்பத்து மூணு! நானும் வாராவாரம் தொண்டைத் தண்ணி வத்தச் சொல்லிக் கொடுத்தேன். கவனமே கிடையாது. கணக்குல தட்டு எண்ணுறா" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். என் ஓரகத்தி இருக்கிறாளே, அவளுக்குப் புரையேறிவிட்டது. தவமணி பாயச வாளியோடு நின்றுகொண்டிருந்தாள். என் இலைக்கு வந்து, "போதுமா அண்ணி?" என்று கேட்டாள். "இன்னும் கொஞ்சம்" என்றேன். ஊற்றினாள்.

இப்போது அந்த வார்டன் வேலைக்கு வந்த பெண் கல்யாணமாகிப் போய்விட்டாள். வேலை மறுபடி காலி. இந்த மாதக் கடைசி வரைக்கும் பார்ப்பார்களாம். தவமணி மறுபடி பணம் கட்டினாள். நான் ஞாயிற்றுக்கிழமை வா என்றேன். "இந்தத் தடவை நானே படிச்சுக்கறேன் அண்ணி" என்றாள். எனக்கு எப்படி இருந்திருக்கும்? நன்றி கெட்டவள் என்று அவள் அண்ணனிடம் மூன்று நாள் பேசவில்லை. தங்கை செய்த தப்புக்கு அண்ணன்தானே கேட்க வேண்டும்? பத்து நாளாக என் ஃபோனையும் எடுப்பதில்லை.

இப்போது நேற்றைய கதைக்கு வருகிறேன். மணி ஒன்பது இருபத்தைந்தா? சீக்கிரம் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் அடுக்குமாடியில் பெண்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு. நேற்றுக் காலையில் யாரோ ஒரு கணக்குப் புதிர் போட்டார்கள். பத்து மைனஸ் நாலு ப்ளஸ் மூன்று, விடை என்ன என்று. இதெல்லாம் ஒரு புதிரா? மூன்று என்று போட்டேன். போட்டதோடு விட்டேனா? பாட்மாஸ் என்றால் என்ன என்று பத்து வரி எழுதினேன். சி நான்கில் பூங்கோதை என்று ஒருத்தி. தினமும் ரோஜாப்பூப் படம் போட்டு குட் மார்னிங் சொல்வாளே, அந்த ரகம். அவள் ஒன்பது என்று போட்டாள். விளக்கம் எதுவும் இல்லை. ஒன்பது. ஒரு ரோஜாப்பூ.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் ஒன்று சொல்ல, அவள் ஒன்று சொல்ல, பன்னிரண்டு மணிக்குள் அறுபத்து நாலு மெசேஜ். அதில் நாற்பத்தொன்பது என்னுடையது. கடைசியில், இரு, சிஸ்டர் கையாலேயே எழுதியதைப் படம் எடுத்துப் போட்டு இவளை வாயடைக்கிறேன் என்று பரண் மேல் ஏறினேன். என் எட்டாவது கணக்கு நோட்டு இன்னும் இருக்கிறது. பழுப்பு அட்டை, லேபிள் கிழியவில்லை. பிரமீளா, எட்டு ஏ. அந்தப் பாடம் வந்த பக்கத்தைத் திறந்தேன்.

பக்கம் முழுக்கச் சிவப்பு மை.

நான் போட்ட அத்தனை கணக்கும் தப்பு. ஓரத்தில் சிஸ்டர் ஃபெலிசிட்டா எழுதியிருக்கிறார்: கூட்டலும் கழித்தலும் ஒரே படி, எது முதலில் வருகிறதோ அதை முதலில் செய், இடமிருந்து வலம். அடுத்த பக்கத்தில் மறுபடி அதே. அதற்கடுத்த பக்கத்தில், "பிரமீளா, எத்தனை தடவை சொல்வது?" என்று. கீழே கோடு. இரண்டு கோடு. ஸ்கேல் வைத்து.

முப்பத்தைந்து வருஷமாக நான் சிஸ்டர் சொன்னார், சிஸ்டர் சொன்னார் என்று சொல்லிக்கொண்டு திரிகிறேன். சிஸ்டர் சொன்னார். எனக்குத்தான் சொன்னார். மூன்று தடவை சொன்னார்.

இன்னும் கேள். நோட்டுக்குள்ளேயே மெடலோடு கொடுத்த சான்றிதழ் மடித்து வைத்திருந்தது. கணக்கு நோட்டைச் சுத்தமாக வைத்திருந்ததற்காக முதல் பரிசு. கணக்கு என்பதையும் முதல் பரிசு என்பதையும் ஞாபகம் வைத்துக்கொண்டு, நடுவில் இருந்ததை மட்டும் நான் வசதியாகக் கழித்துவிட்டேன். அந்தப் பித்தளைக்கு எவ்வளவு புளி செலவழித்தேன்!

பரண் ஏணியிலேயே உட்கார்ந்துவிட்டேன். முதலில் பூங்கோதைதான் ஞாபகம் வந்தாள். அதையும் மறைக்காமல் சொல்கிறேன். நாற்பத்தொன்பது மெசேஜையும் அழிக்க முடியுமா என்றுதான் யோசித்தேன். அப்புறம்தான் தட்டு ஞாபகம் வந்தது. ஐந்து தட்டு, எட்டுப் பிள்ளைகள், இரண்டு கழுவி எடுத்து வருகிறாள். இன்னும் ஒன்று குறைகிறது. ஒன்றுதான் குறையும். வேறு எப்படிக் குறையும்? பச்சைக் குழந்தைக்கும் தெரியுமே! இரண்டு மார்க்கில் தோற்றுப் போனாளம்மா அவள். இன்னொரு வருஷம் அந்த முட்டியோடு அடுப்பு முன்னால் நின்றாள். நான் அவளிடமே இன்னும் கொஞ்சம் பாயசம் கேட்டேன்.

நேற்றிலிருந்து அடிக்கிறேன், எடுக்கவில்லை. என் வீட்டுக்காரரிடம் அவர் ஃபோனைக் கேட்டேன். "நாளைக்குப் பரீட்சை. ஒரு நாளாவது அவளைச் சும்மா விடு" என்று ஃபோனைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். தப்பாகச் சொல்லிக் கொடுத்துவிட்டேன் என்று அவரிடம் சொல்லியிருந்தால் கொடுத்திருப்பார். சொல்ல வாய் வரவில்லை. காலையில் கடைக்குப் போகிறேன் என்று பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். ஆக, உலகத்தில் முதல் ஆளாக உன்னிடம்தான் இதைச் சொல்கிறேன்.

அதனால்தான் கேட்கிறேன், உன் ஃபோனை...

அட. நீட்டிக்கொண்டுதான் இருக்கிறாயா? எவ்வளவு நேரமாக? நொச்சியத்திலிருந்தா? வாயைத் திறந்து சொல்லக் கூடாதா? கொடு, கொடு. மணி ஒன்பது முப்பத்தெட்டு! நம்பர் எனக்கு மனப்பாடம். எண்கள் எல்லாம் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கும்.

மணி அடிக்கிறது. எடு தவமணி, எடு.

ஹலோ, தவமணியா? நான்தான். வைக்காதே, வைக்காதே! திட்ட இல்லை. ஒரே ஒரு விஷயம். கூட்டல் முதலில் இல்லை. கூட்டலும் கழித்தலும் ஒரே படிதான், எது முதலில் வருதோ... என்னது?

தெரியுமா? எப்போதிலிருந்து?

அப்புறம் ஏன் என்கிட்ட மைனஸ் ஐந்து என்று போட்டுக் காட்டினே?

...

அப்போ பரீட்சையில?

...

ஓ.

இல்லை, அழலை. பஸ்ஸில் தூசி. சரி. சரி, வரலை. முடிஞ்சப்புறம்? சரி. தவமணி, இரு, வைக்காதே. நான்... அது வந்து... கையெழுத்து சுத்தமா இருக்கட்டும். அடிச்சுத் திருத்தாம எழுது. ஆமாம். வெச்சுடு.

இந்தா ஃபோன்.

அவளுக்கு முதலிலேயே தெரியுமாம். என்னிடம்தான் மைனஸ் ஐந்து, தனக்குள் மைனஸ் ஒன்று என்று வைத்திருந்தாளாம். போன வருஷம் பரீட்சையிலும் அப்படித்தான், அந்த மாதிரி மூன்று கணக்கு வந்ததாம், மூன்றையும் சரியாகத்தான் எழுதியிருக்கிறாள். மணி அடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போது பேப்பரைத் திருப்பிப் பார்த்தாளாம். "உங்க முகம் ஞாபகம் வந்துச்சு அண்ணி. நீங்க படிச்சவங்க, உங்களுக்குத் தெரியாததா எனக்குத் தெரிஞ்சிடப் போவுதுன்னு நினைச்சேன்" என்கிறாள். மூன்றையும் அடித்துவிட்டு நான் சொன்ன மாதிரி மாற்றி எழுதியிருக்கிறாள். மைனஸ் ஒன்றை அடித்து மைனஸ் ஐந்து.

அதனால்தான் இந்தத் தடவை ஃபோனை எடுக்கவில்லையாம். "உங்க குரலைக் கேட்டா கை தானா அடிச்சிடும் அண்ணி." கோபமாகச் சொல்லவில்லை. பாயசம் போதுமா என்று கேட்டாளே, அதே குரல்.

நான் என்ன சொல்ல வந்தேனோ அதைச் சொல்லவில்லை, கவனித்தாயா? கையெழுத்து சுத்தமா இருக்கட்டுமாம்! மெடல் வாங்கிய பாடத்தை மட்டும்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறேன், அந்த வரைக்கும் நியாயம். கையெழுத்து என்றதும் அவள் சிரித்தாள்.

வாசலில் வந்து நிற்காதீங்க, பரீட்சை முடிந்தப்புறம் வாங்க என்று சொல்லிவிட்டாள். குணசீலத்தில் இறங்கிக் கோவிலில் உட்கார்ந்துவிட்டு அடுத்த பஸ்ஸில் போகிறேன். அதற்குள் அந்த வாக்கியத்தைப் பழகிக்கொள்ள வேண்டும். உன்னிடம் ஒரு தடவை சொல்லிப் பார்க்கட்டுமா? "தவமணி, சிஸ்டர் கொஞ்சம் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்திருந்தால்..." இல்லை, இது சரியில்லை. "தவமணி, நான் சொன்னது தப்பு, ஆனால் நீயாவது ஒரு வார்த்தை..." இதுவும் வேண்டாமா? "ஆனால்" வேண்டாம். சரி. "தவமணி, நான் சொன்னது தப்பு." அப்புறம்? அவ்வளவுதானா? ரொம்பச் சின்னதாக இருக்கிறதே.

சொந்தக்காரர்கள் முன்னாலும் சொல்ல வேண்டும் என்கிறாயா? நீ ஒன்றும் சொல்லவில்லை. உன் மூஞ்சி சொல்கிறது. அடுத்த மாதம் ஒரு வளைகாப்பு வருகிறது. அங்கே பார்க்கலாம். சரி, பார்க்கலாம் இல்லை, சொல்கிறேன்.

குணசீலம் வந்துவிட்டது. நான் இறங்குகிறேன். உனக்கு எந்த ஊர்? நீயும் எழுந்திருக்கிறாயே, உனக்கும் இதே ஸ்டாப்பா?

என்னது, திருவாசியா? அது போய் எவ்வளவு நேரமாச்சு! அப்போதே சொல்லியிருக்கக் கூடாதா?

சொன்னாயா?

எழுந்து நின்றாயா? நான்தான் உட்காரச் சொன்னேனா?

வா, இறங்கு. பார்த்து. எதிர்ப் பக்கத்தில் நின்றால் திருவாசிக்குத் திரும்பப் பஸ் வரும். அது வரும்வரை நானும் உன்னோடு நிற்கிறேன். இல்லை, நான் பேசமாட்டேன். நீ பேசு. எங்கே வேலை உனக்கு? நேரமாகிவிட்டதா? திட்டுவார்களா?

சொல்லும்மா. கேட்கிறேன்.